ஆயுதம் எடுத்தவனிடம் "ஏன் எடுத்தாய்?" என்று கேட்பதில் என்ன கிடைக்கும்? (விவாத இழை)

ஓடைக்கரை | மார்ச் 3, இரவு 9.40

நேராகக் கேட்கிறேன். ஆயுதக் குழுவில் ஒருவன் சேர்வதற்குக் காரணம் வேலையில்லை, கையில் காசில்லை, அவ்வளவுதான். கொள்கை எல்லாம் மேலே இருக்கும் நாலு பேருக்கு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க ராணுவம் இதைக் கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்ந்தது, அதனால்தான் சாலை போடு, கிணறு வெட்டு, வேலை கொடு என்று இறங்கியது. மறுப்பவர்கள் தரவோடு வரவும்.

கொடிக்கால் | மார்ச் 3, இரவு 11.20

தரவு இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் பக்கம் சாயவில்லை.

2007 மார்ச்சில் ஈராக்கின் அன்பார் மாகாணத்தில், ஜுலைபா என்ற ஊரில், அல் காய்தாவின் மாகாண நிர்வாகக் கணக்குகள் பிடிபட்டன. பிடித்தது அமெரிக்கர்கள் அல்ல, அவர்களோடு கைகோத்து அல் காய்தாவை எதிர்த்த உள்ளூர் "எழுச்சி"ப் படை. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. வரவு, செலவு, பகுதிவாரியாகப் போன பணம், சம்பளப் பட்டியல் எல்லாம் வரிவரியாக இருந்த கணக்கு.

உறுப்பினருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 41 டாலர். மனைவி, பிள்ளை என்று சார்ந்திருப்பவர்களுக்கு மேலே கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,331 டாலர் போனது. அதே அன்பாரில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் 6,177 டாலர். சாகும் வாய்ப்பு பல மடங்கு கூடிய வேலைக்கு, ஊரில் கிடைப்பதில் கால் பங்குக்கும் குறைவான கூலி. காசுக்காகச் சேர்ந்தான் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது.

கொடிக்கால் | மார்ச் 4, காலை 7.05

இரவு விட்டுப்போனது. அதே கணக்கில் இன்னொரு வரி முக்கியம்: ஆள் செத்தாலும் சிறைக்குப் போனாலும் குடும்பத்துக்குப் பணம் நிற்கவில்லை. அப்படியானால் அதைச் சம்பளம் என்பதைவிடக் குடும்பத்துக்கான பிடிமானம் என்று படிப்பதே சரி. சேர்வதற்கான தூண்டிலாக அது வேலை செய்யவில்லை, விட்டுப் போகாமல் இருப்பதற்கான கயிறாக வேலை செய்தது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும். சேரக் காரணம் ஒன்று, தங்கக் காரணம் வேறொன்று, இன்றைக்கு இந்தச் சோதனைச் சாவடியைத் தாக்கக் காரணம் மூன்றாவது. மூன்றையும் ஒரே "ஏன்"-இல் அடைத்த ஆய்வுகள்தான் அதிகம் தவறிப்போயின.

ஓடைக்கரை | மார்ச் 4, காலை 8.30

ஒரு மாகாணக் கணக்கை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்வதா? வேலையின்மை அதிகமான இடத்தில் தாக்குதலும் அதிகம் என்பது கண்கூடு.

கொடிக்கால் | மார்ச் 4, மாலை 6.15

கண்கூடு என்பதை எண்ணிப் பார்த்தார்கள். பெர்மன், காலன், ஃபெல்டர், ஷபிரோ நால்வரும் ஈராக், ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ் மூன்று நாடுகளிலும் மாவட்டம் மாவட்டமாக வேலையின்மை அளவையும் தாக்குதல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். இவர்களில் ஜோசப் ஃபெல்டர் அமெரிக்கச் சிறப்புப் படை அதிகாரி. வேலையின்மை கூடிய மாவட்டங்களில் அரசுப் படைகள் மீதான தாக்குதல் கூடவில்லை. உறவு எதிர்த்திசையில் போனது.

ஏன் என்பதற்கு அவர்கள் வைத்த விளக்கங்கள் இரண்டு. ஒன்று, படை சாவடிகளை இறுக்கினால் தாக்குதல் குறையும், சந்தையும் படுத்துவிடும். அப்போது வேலையின்மையும் அமைதியும் ஒன்றாகத் தெரியும். இரண்டு, கையில் காசில்லாத ஊரில் குழுவைப் பற்றிய துப்பு படைக்கு விலைக்குக் கிடைக்கும். முதல் விளக்கம் சரியென்றால் வேலையின்மை எதையும் "தடுக்கவில்லை", இரண்டுமே சாவடியின் விளைவு. மாவட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

சாலை, கிணறு பற்றிக் கேட்டீர்கள். ஈராக்கில் படைத் தளபதிகள் கையில் கொடுத்த அவசர நிதியையும் இதே வட்டத்தினர் ஆராய்ந்தார்கள். சிறு வேலைகள், அதாவது 50,000 டாலருக்குக் குறைவானவை, தாக்குதலைக் குறைத்தன. 2007 முதல், படை ஊருக்குள்ளேயே தங்கத் தொடங்கியபோது அந்தப் பலன் கூடியது. வேலைவாய்ப்பு கொடுத்ததால் குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ஊர் கேட்டதைச் செய்துகொடுத்தால் ஊர் தகவல் கொடுக்கிறது. தகவல் வந்தால் குழுவுக்கு நடமாட இடமில்லை. பிணக்கு தீர்ந்ததா என்பது வேறு கதை. பெரிய ஒப்பந்தத்தில் காசு ஒப்பந்தக்காரரிடமே தங்கிவிடலாம், அதில் குழுவுக்கும் பங்கு போகலாம். சிறு வேலையைப் பிடுங்கிக்கொண்டு போவது கடினம், பிடிக்கவில்லை என்றால் படை நிறுத்திவிடலாம்.

பனைவெளி | மார்ச் 4, இரவு 10.00

அப்படியானால் ஆளைப் பிடித்து உட்காரவைத்து நேரடியாகக் கேட்ட ஆய்வே இல்லையா? எல்லாம் எண்ணிக்கை விளையாட்டாகவே இருக்கிறதே.

கொடிக்கால் | மார்ச் 5, இரவு 9.10

இருக்கிறது. இந்தத் துறையில் இன்றுவரை அதைவிடப் பெரிதாக யாரும் செய்ததில்லை என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், அவசரப்பட வேண்டாம்.

1964இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா ராண்ட் நிறுவனத்திடம் வைத்த கேள்வி: தென் வியட்நாம் அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் என்பவர்கள் யார், எது அவர்களை இயக்குகிறது? தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் பாஸ்டர் தெரு 176ஆம் எண் மாளிகையை வாடகைக்கு எடுத்தார்கள். முதல் கட்டத்தை நடத்தியவர்கள் ஜோசப் ஸாஸ்லாஃப், ஜான் டானல். இருவருமே வியட்நாமைத் தெரிந்த அரசியல் அறிஞர்கள், ஸாஸ்லாஃப் அதற்கு முன்பே சைகோனில் பாடம் நடத்தியவர். கைதிகள், சரணடைந்தவர்கள் என்று 1964 கடைசிக்குள் சுமார் 145 பேட்டி. 1968இல் திட்டம் முடிந்தபோது மொத்தம் ஏறக்குறைய 2,400 பேட்டி, 62,000 பக்கம்.

முதல் கட்டத்தில் கிடைத்த படம் யாரும் எதிர்பாராதது. மிரட்டிச் சேர்த்த கூட்டம் என்று வாஷிங்டன் நினைத்திருந்தது. பேட்டிகளில் வந்ததோ நிலமில்லாத கோபம், ஊர் அதிகாரியிடம் பட்ட அவமானம், படிக்க வழியில்லாதவனுக்கு அங்கே கிடைத்த பொறுப்பும் மரியாதையும், பிரெஞ்சுக்காரர்களோடு சண்டையிட்ட தலைமுறையின் தொடர்ச்சி. சேர்ந்த பிறகு ஆளைப் பிடித்துவைத்தது வேறு: மூன்று பேர் கொண்ட அணி, தினமும் உட்கார்ந்து தன் குறையையும் அடுத்தவன் குறையையும் பேசும் கூட்டம், பக்கத்திலேயே இருக்கும் கட்சி ஊழியர்.

1964 டிசம்பரில் இதைப் பெண்டகனில் மக்னமாராவின் கீழ் உதவி அமைச்சராக இருந்த ஜான் மக்நாட்டனுக்கு விளக்கினார்கள். நீங்கள் சொல்வது உண்மையென்றால் நாம் தப்பான பக்கத்தில், தோற்கப்போகும் பக்கத்தில் நிற்கிறோம் என்ற பொருளில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வடக்கு வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. ஆய்வு சரியாக இருந்தும் பயன்படவில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பனைவெளி | மார்ச் 5, இரவு 9.50

பேட்டியை எப்படி எடுத்தார்கள்? கைதி எதையும் சொல்லிவிடுவான் அல்லவா? அடி விழும் என்ற பயம் ஒரு பக்கம், விட்டுவிடுவார்கள் என்ற ஆசை ஒரு பக்கம்.

கொடிக்கால் | மார்ச் 6, காலை 6.40

கைதிப் பேட்டி எங்கெங்கே கெடும் என்று வரிசையாகச் சொல்கிறேன். வியட்நாமுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

கையில் சிக்கியவர்களைத்தான் கேட்க முடியும் என்பதே முதல் ஓட்டை. சரணடைந்தவன் ஏற்கெனவே மனம் விட்டவன். அவனை வைத்துக் குழுவின் மனநிலையை அளந்தால் குழு எப்போதும் உடைந்துகொண்டே இருப்பதாகத் தெரியும். பிடிபட்டவன் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் காயம்பட்டவனும் புதிதாகச் சேர்ந்தவனும்தான் அதிகம் பிடிபடுவார்கள். இரு வகையையும் ஒரே அட்டவணையில் கலந்தால் அங்கேயே ஆய்வு முடிந்தது. தனித்தனியாக எண்ணி, இரண்டிலும் ஒரே மாதிரி வருவதை மட்டும் நம்ப வேண்டும்.

ராண்டுக்கு முன்பே ராணுவ விசாரணை நடந்திருக்கும். அங்கே எந்தப் பதில் அடியை நிறுத்தியது என்று கைதி கற்றிருப்பான். அதே பதிலை ஆய்வாளரிடமும் சொல்வான். பிடிபட்ட தேதி, கைமாறிய இடங்கள், முன்பு விசாரித்தது யார், இந்த மூன்றும் பேட்டித் தாளின் தலைப்பிலேயே இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடைபோட வழியில்லை.

கேட்பவர் யார் என்பது அடுத்தது. ராண்டின் வியட்நாமியப் பேட்டியாளர்கள் பெரும்பாலும் படித்த நகரத்தார், வடக்கிலிருந்து வந்த குடும்பத்தினரும் அவர்களில் இருந்தார்கள். மேகாங் டெல்டா விவசாயி அவர்கள் முன்னால் உட்காரும்போது நிலக்கிழார் வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோலத்தான் நின்றிருப்பான். இது ஒருபக்கமாக மட்டும் வேலை செய்யவில்லை. பேட்டியாளர்களில் ஒருவரான மாய் எலியட், ஆளும் வர்க்கக் குடும்பத்தில் வளர்ந்தவர், முதலில் சந்தித்த மூத்த வியட்காங் ஊழியரின் நேர்மையைக் கண்டு தன் கருத்தே அசைந்ததாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். கைதி பேட்டியாளரை மாற்றியதும் நடந்திருக்கிறது.

கடைசியாக, கேள்வியின் வடிவம். "ஏன் சேர்ந்தீர்கள்?" என்றால் வருவது குழு சொல்லிக்கொடுத்த விடை, அல்லது விசாரணைக்காரன் விரும்பும் விடை. "சேர்வதற்கு முந்தைய நாள் என்ன செய்தீர்கள், யார் வந்தார்கள், எந்த வீட்டில் பேசினீர்கள், கூட வந்தது யார், முதல் மாதம் என்ன வேலை தந்தார்கள்?" என்றால் கதை தானாக வரும், அதில் காரணம் ஒட்டிக்கொண்டு வரும். பொய் சொல்கிறவனுக்கு உணர்ச்சியைவிட வரிசையைப் புனைவது கடினம்.

கொடிக்கால் | மார்ச் 6, மதியம் 1.15

மேலே சொன்னதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு. ராண்ட் பேட்டிகளை ஊன்றிப் படித்தவர்களில் ஒருவர் கான்ராட் கெல்லன், பெர்லினில் பிறந்த யூதர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவில் இருந்தவர். அவர் எடுத்துக்காட்டும் பேட்டி ஒன்றில் வியட்காங் அதிகாரியிடம் கேட்கிறார்கள்: உங்களால் வெல்ல முடியுமா? முடியாது என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் "எதிரி மனமுடைந்துவிட்டான்" என்று குறித்துவிடலாம். சில பக்கம் கழித்து: அமெரிக்காவால் வெல்ல முடியுமா? அதுவும் முடியாது.

வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமலே சண்டையைத் தொடர்கிறவனை எந்த இழப்பைக் காட்டி நிறுத்துவீர்கள்? கெல்லன் இதிலிருந்துதான், இவர்களை வற்புறுத்தி உடைக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1969 அக்டோபரில் வியட்நாமிலிருந்து வெளியேற வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ராண்ட் ஆய்வாளர்கள் ஆறு பேரில் அவரும் ஒருவர், டேனியல் எல்ஸ்பெர்க் இன்னொருவர்.

ஓடைக்கரை | மார்ச் 6, இரவு 8.00

ஒரே பேட்டிக் கட்டைப் படித்துத்தான், எதிரி உடைகிறான், குண்டு போடுங்கள் என்றும் ராண்டிலிருந்தே அறிக்கை போனது. அதையும் சொல்லுங்கள்.

கொடிக்கால் | மார்ச் 6, இரவு 10.45

லியோன் கூரே. சரியாகப் பிடித்தீர்கள்.

1965 தொடக்கத்தில் திட்டம் அவர் கைக்கு வந்தது. அவர் சோவியத் குடிமைப் பாதுகாப்பில் நிபுணர். வந்ததும் கேள்வி மாறியது. யார், ஏன் என்ற இடத்தில் விமானத் தாக்குதலும் பீரங்கியும் அவர்களை என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கினார். கேள்வித்தாளில் குண்டைப் பற்றிப் பத்து கேள்வி இருந்தால் பதிலிலும் குண்டே நிரம்பும். பயந்தோம், உறங்கவில்லை, ஊரார் எங்களை வர வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே வந்தது. பயமும் களைப்பும் இருந்தால் குழு கலையும் என்று அதிலிருந்து தாவியது கூரே செய்த வேலை. வீடு எரிந்த கிராமத்தார் வியட்காங்கையே பழிப்பார்கள் என்றும் எழுதினார். மேலிடத்துக்கு அந்த விடை பிடித்திருந்தது, அதனால் அவருடைய விளக்கங்களுக்குக் கூட்டம் கூடியது. ராண்டுக்குள்ளேயே எதிர்ப்பு வந்து 1967இல் அவரை மாற்றினார்கள். அந்தப் பேட்டிக் குழுவில் வேலை பார்த்த ஆண்டனி ரூசோதான் பிறகு எல்ஸ்பெர்க்கோடு சேர்ந்து வியட்நாம் போர் பற்றிய ரகசியப் பெண்டகன் ஆவணங்களை நகலெடுத்தார்.

கூரேயை வில்லனாக்கினால் பாடம் கிடைக்காது. தொகுப்பு முறையைப் பாருங்கள். பதில்களை வகைப்படுத்தும் வேலையை முடிவு தெரிந்த ஒருவரே செய்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் அதே 50 பேட்டியை வகைப்படுத்த வேண்டும், எத்தனை இடத்தில் மாறுபட்டார்கள் என்று எண்ண வேண்டும், மாறுபட்ட இடங்களை மூலத்துக்கே போய்ப் படிக்க வேண்டும். எந்தத் தாளை எடுப்பது என்பதையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்கோளுக்கு ஏற்ற தாளைத் தேடி எடுத்தால் 62,000 பக்கத்தில் எந்த முடிவுக்கும் பத்து மேற்கோள் கிடைக்கும்.

மணல்மேடு | மார்ச் 7, காலை 9.30

இதற்கு முன்பே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கைதிகளை வைத்து இதே வேலை நடந்ததே. சமூகவியலாளர்கள் ஷில்ஸும் ஜானோவிட்ஸும் 1948இல் எழுதினார்கள்: நாஜிக் கொள்கை பெரும்பாலான சிப்பாயைப் பிடித்துவைக்கவில்லை, பக்கத்தில் நின்ற பத்துப் பேர்தான் பிடித்துவைத்தார்கள் என்று. ராண்டுக்காரர்கள் மூன்று பேர் அணியைக் கண்டதும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கொடிக்கால் | மார்ச் 7, மாலை 5.00

ஒரு பகுதி ஆம். ஆனால் ஜெர்மன் சிப்பாயை அரசு ஆள்பிடித்து அனுப்பியது. ஆயுதக் குழுவுக்கு அந்த வசதி கிடையாது, அது ஊரோடு தினமும் பேரம் பேச வேண்டும். இதை நன்றாகப் பிடித்தவர் ஜெஃப்ரி ரேஸ். ராணுவ அதிகாரியாக வியட்நாம் போய், மொழி கற்று, சைகோனுக்குத் தெற்கே லாங் ஆன் என்ற ஒரே ஒரு மாகாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 1972இல் அவர் சொன்னது: கட்சி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அரசு திரும்பி வந்தால் அந்த நிலம் போய்விடும். ஆக, குடும்பத்தின் வயலும் கட்சியின் உயிரும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன. அரசும் பின்னால் பள்ளி, உரம், கடன் எல்லாம் கொடுத்தது. அது யார் பக்கம் நின்றாலும் கிடைத்தது, அதனால் யாரையும் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

ஓடைக்கரை முதல் நாள் கேட்டதற்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வறுமை ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்கும் பொருள் எந்த நிபந்தனையோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் ஆளை நகர்த்துகிறது.

மணல்மேடு | மார்ச் 8, இரவு 7.20

அல் காய்தாவுக்கு ஈராக்கில் போன வெளிநாட்டார்? அவர்களுக்கு நிலமும் இல்லை, ஊரும் இல்லை. அங்கே பாதிக்கு மேல் சவூதியர் என்று படித்தேன்.

கொடிக்கால் | மார்ச் 8, இரவு 10.10

41%. பாதி இல்லை. எண் முக்கியம், ஏனென்றால் சுவாரசியமான பகுதி அடுத்த வரியில் இருக்கிறது.

2007 அக்டோபரில் சிரிய எல்லைக்கு அருகே சிஞ்சார் பகுதியில் 600க்கும் மேற்பட்ட சேர்க்கைப் படிவங்கள் கிடைத்தன. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பயங்கரவாத எதிர்ப்பு மையம் டிசம்பரிலேயே வெளியிட்டது. பெயர், புனைபெயர், பிறந்த தேதி, ஊர், வீட்டுத் தொலைபேசி, அனுப்பிவைத்தவர், வந்த வழி, கொண்டுவந்த பணம், செய்யப்போகும் வேலை. சவூதிக்கு அடுத்து லிபியா, 112 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் முதலிடமே லிபியாதான்.

ஊர் குறிப்பிட்ட லிபியர்களில் சுமார் 60% ஒரே ஊர்க்காரர்கள்: தெர்னா. மக்கள்தொகை 80,000 சுமார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து. பல லட்சம் பேர் வாழும் ரியாதிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். வேலையின்மை, அடக்குமுறை, மதம் மூன்றும் லிபியாவின் மற்ற கடற்கரை ஊர்களிலும் இருந்தன. தெர்னாவில் மட்டும் என்ன? அங்கே ஆள் அனுப்பும் கை இருந்தது, முன்னால் போனவனின் தம்பியும் தோழனும் இருந்தார்கள். படிவத்தில் "ஏன் வந்தாய்" என்ற கட்டம் கிடையாது. "உன்னை அனுப்பியவர் யார்" என்ற கட்டம் இருந்தது, அதுவே அதிகம் சொல்லிவிட்டது.

கொடிக்கால் | மார்ச் 8, இரவு 10.35

அதே படிவங்களில் வேலையைக் குறித்தவர்களில் சுமார் 56% தற்கொலைத் தாக்குதல் என்று எழுதியிருந்தார்கள். 2016இல் வெளிவந்த ஐஎஸ் சேர்க்கைப் படிவங்களில் அதே மையம் கண்டது 12%. வந்தவர்களின் மனம் மாறிவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஐஎஸ் அப்போது நிலத்தைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்தது. அதற்குச் சிப்பாயும் எழுத்தரும் மருத்துவரும் வேண்டும். 2006-07 ஈராக்கில் வெளிநாட்டானுக்குக் குழு வைத்திருந்த வேலை பெரும்பாலும் ஒன்றே. கட்டத்தில் விழுந்தது குழுவின் தேவையா, ஆளின் ஆசையா என்று பிரிக்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

பனைவெளி | மார்ச் 9, காலை 11.00

ஊர் மக்களிடம் கேட்டுப் பார்ப்பதுண்டா? "தாலிபானை ஆதரிக்கிறாயா" என்றால் எவன் வாய் திறப்பான்?

கொடிக்கால் | மார்ச் 9, இரவு 9.30

அதற்கு ஒரு வழி உண்டு. லயல், பிளேர், இமாய் மூவரும் 2011 தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானின் ஐந்து பஷ்தூன் மாகாணங்களில், 204 கிராமங்களில், 2,754 ஆண்களிடம் செய்தது.

ஊரில் பெரிய தகராறில்லாத ஒரு சீர்திருத்தத்தை எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்காட்டாக நெரிசலான சிறைகளைச் சீர்செய்வது. மக்களைக் குலுக்கல் முறையில் மூன்று கூறாகப் பிரிப்பார்கள். முதல் கூறிடம் "இந்தத் திட்டம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" இரண்டாம் கூறிடம் அதே கேள்வி, "தாலிபான் ஆதரிக்கும் இந்தத் திட்டம்" என்று. மூன்றாம் கூறிடம் "வெளிநாட்டுப் படை ஆதரிக்கும் இந்தத் திட்டம்". ஒவ்வொருவரும் சிறையைப் பற்றித்தான் பதில் சொல்கிறார். சராசரிகளின் வித்தியாசம்தான் தாலிபானுக்கும் படைக்கும் உள்ள மதிப்பு. எந்தத் தனி ஆளின் பதிலையும் வைத்து அவன் யார் பக்கம் என்று சொல்ல முடியாது, அதுவே அவனுக்குப் பாதுகாப்பு.

எங்கே கெடும்? திட்டம் ஏற்கெனவே எல்லோருக்கும் பிடித்ததாக இருந்தால் மேலே ஏற இடமில்லை, வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒரு திட்டம் போதாது, நான்கைந்து வேண்டும். ஒரே கிராமத்தில் மூன்று கூறும் கேள்விப்பட்டுவிட்டால் பேச்சு பரவிவிடும், எனவே ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். கிராமத்துக்குள் நுழையப் பெரியவர்களின் அனுமதி வேண்டும், தாலிபான் பிடியில் இருக்கும் இடத்தில் அவர்கள் காதுக்கும் போகாமல் இருக்காது. அனுமதி கிடைக்காத கிராமங்கள் விடுபடும், அவைதான் கடுமையான கிராமங்கள்.

கிடைத்த விடை: வெளிநாட்டுப் படையால் அடிபட்டவன் படையை வெறுத்துத் தாலிபான் பக்கம் சாய்கிறான். தாலிபானால் அடிபட்டவனோ அதே அளவுக்குப் படையின் பக்கம் வருவதில்லை. ஒரே அடிக்கு இரண்டு விலை. நம்மவன் அடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று மனம் தேடிக்கொள்கிறது, அந்நியன் அடித்தால் அப்படித் தேடுவதில்லை.

ஓடைக்கரை | மார்ச் 10, காலை 7.00

ஊரை அடித்தால் குழு வளரும் என்று எல்லோரும் சொல்லும் பாட்டுதானே இது.

கொடிக்கால் | மார்ச் 10, இரவு 8.20

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதே ஜேசன் லயல் 2009இல் செச்சன்யா பற்றி எழுதியதைப் படியுங்கள். ரஷ்யத் தளங்கள் குறி இல்லாமல், சில நேரம் குடித்துவிட்டு, கிராமங்கள் மேல் பீரங்கி சுட்டன. சுடப்பட்ட கிராமங்களையும் எல்லா வகையிலும் ஒத்த, சுடப்படாத கிராமங்களையும் ஜோடி சேர்த்து, முன்னும் பின்னும் 90 நாள் பார்த்தார். சுடப்பட்ட கிராமங்களிலிருந்து வந்த தாக்குதல், சுடப்படாதவற்றோடு ஒப்பிட்டால், 24% அளவுக்குக் குறைந்தது.

இந்த எண்ணைப் படிக்க எனக்குக் கசப்பாக இருக்கிறது, ஆனால் மறைப்பதற்கில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அளந்தது 90 நாள், அந்த ஊரில் நடந்த தாக்குதல். அடிபட்ட குடும்பத்துச் சிறுவன் பத்து ஆண்டு கழித்து எங்கே போனான் என்பது அந்த அளவுகோலில் வராது. ஆப்கன் ஆய்வு அளந்தது மனம், செச்சன்ய ஆய்வு அளந்தது செயல். மனம் கொதிக்கும், குழுவுக்கு அந்த ஊரில் படுக்க இடமும் இருக்காது, இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம். இதை "அடி பலிக்கும்" என்று படைத் தலைமைக்குக் கொடுப்பவர் கூரே செய்ததைத்தான் செய்கிறார்.

மணல்மேடு | மார்ச் 11, இரவு 9.00

இலங்கைக்கு வருவோம். 2009க்குப் பின் புனர்வாழ்வு முகாம்களில் இருந்த முன்னாள் புலிகளிடம் அமெரிக்க உளவியலாளர்கள் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்தார்களே. அவமானப்பட்டவன், தனக்கு மதிப்பில்லை என்று உணர்ந்தவன் தீவிரமாகிறான், தொழிற்பயிற்சியும் கலையும் கொடுத்தால் தணிகிறான் என்று முடிவு. அதை ஏற்கிறீர்களா?

கொடிக்கால் | மார்ச் 12, இரவு 10.00

ஆரி குருக்லான்ஸ்கி குழுவின் ஆய்வு. மதிப்பிழப்பு என்ற கருத்தை நான் தள்ளமாட்டேன். 1964 சைகோன் பேட்டிகளிலும் ஊர் அதிகாரியிடம் பட்ட அவமானம் வரிக்கு வரி வருகிறது.

தணிந்தார்கள் என்ற அளவீட்டைத்தான் ஏற்க முடியவில்லை. ஏறக்குறைய 12,000 பேர் அந்த முகாம்கள் வழியே போனார்கள். நடத்தியது ராணுவத்தினர் தலைமையிலான நிர்வாகம். எப்போது வெளியே விடுவது என்பதும் அரசின் கையில். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் கையில், ஆயுதப் போராட்டம் சரியா என்று ஐந்து கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் கோடு போடுவார்? ஓராண்டு கழித்து மறுபடி கொடுத்தால் இன்னும் பாதுகாப்பான கட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றிருப்பார். குறைந்தது எண்ணமா, எச்சரிக்கை கூடியதா என்று அந்தத் தாளால் பிரிக்க முடியாது. முழுப் பயிற்சி பெற்றவர்களையும் குறைவாகப் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள், அது நல்ல முயற்சி. ஆனால் இரு கூறும் காவலில்தான் இருந்தது.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. நம்மில் பலர் அவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தார்கள் என்றே பேசுகிறோம். 1983 வன்முறையைப் பார்த்துத் தானாகப் போனவரும், 2008-09இல் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துச் செல்லப்பட்டவரும் ஒரே முகாமில் ஒரே தாளை நிரப்பினார்கள். சேர்ந்த ஆண்டையும் சேர்ந்த விதத்தையும் பிரிக்காத எந்தச் சராசரியும், யார் வெளியிட்டாலும், அவர்களில் ஒருவரையும் விவரிக்காது.

ஓடைக்கரை | மார்ச் 13, காலை 8.15

சரி, காசு என்ற வாதத்தைப் பாதியாக விட்டுக்கொடுக்கிறேன். அப்புறம் ஏன் அந்த அன்பார் குழு இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைத்தது? காசு பொருட்டில்லை என்றால் கணக்கு எதற்கு? பிடிபட்டால் எல்லோரும் மாட்டுவார்களே.

கொடிக்கால் | மார்ச் 13, இரவு 11.00

இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

அந்த மாகாண நிர்வாகத்துக்கு ஓராண்டில் வந்த வரவு 45 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் திருட்டுப் பொருள் விற்ற காசு: கட்டுமான இயந்திரம், ஜெனரேட்டர், மின்கம்பி. வெளிநாட்டு நன்கொடை மிகக் குறைவு. இந்தக் காசு கீழே சிறு பகுதித் தலைவன் கையில்தான் முதலில் விழும். அவன் எவ்வளவு வைத்துக்கொண்டான், எவ்வளவு மேலே அனுப்பினான் என்று தலைமைக்குத் தெரியாது. போலீசில் புகார் கொடுக்கவும் முடியாது. ஆகவே எல்லாவற்றையும் மேலே இழுத்து, அங்கிருந்து திரும்பக் கீழே பிரித்துக் கொடுத்தார்கள், ரசீதோடு. கூடுதலாக 2,700 டாலர் போன பகுதியில் சராசரியாக ஒரு தாக்குதல் கூடியது என்று ராண்ட் கணக்கிட்டது.

வேலையின்மை ஆய்வு செய்த நால்வரில் ஒருவரான ஷபிரோ 2013இல் இதைப் பொதுவாக்கினார். காகிதம் வைத்தால் பகைவனிடம் மாட்டலாம், வைக்காவிட்டால் சொந்த ஆள் திருடுவான், சொல்லாத இலக்கைத் தாக்குவான். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது "ஏன்" இங்கேதான் வருகிறது. குழு செய்யும் பல செயல்கள் கொள்கையாலும் வராது, ஆசையாலும் வராது. தன் ஆளையே நம்ப முடியாத தலைமை அவனைக் கட்டுக்குள் வைக்க எடுக்கும் நடவடிக்கைகளாகவே வருகின்றன. கீழ்மட்ட அணி தலைமையைவிடக் கடுமையாக இருக்கும் இடத்தில் தேவையில்லாத கொலை நடக்கும், தலைமை அதைத் தடுக்க இன்னும் காகிதம் எழுதும்.

பிடிபட்ட கணக்கு நோட்டு கையில் கிடைத்தால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். சம்பளம் எந்த மாதத்தில் தாமதமானது, தாமதமான மாதத்தில் எத்தனை பேர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள், இறந்தவன் வீட்டுக்கு எத்தனை மாதம் வரை போனது, கணக்கைத் திரும்பச் சரிபார்க்கக் கேட்ட கடிதம் யாருக்குப் போனது, இந்த நான்கையும் முதலில் எழுதி எடுங்கள். மூன்று மாதம் சம்பளம் வராமலும் ஆள் குறையாத பகுதி ஒன்று இருந்தால், பேட்டிக்கு அந்த ஊரிலிருந்து பிடிபட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்க வேண்டாம், அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள்.